பழைய காகிதக் கட்டுகளை யாரிடம் கொடுப்பது? வேலூர்ப் பக்கத்துக்கு ஓர் ஒப்பீடு

தாத்தாவின் கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில், நெசவாளர் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகங்கள் ஒரு பீரோவில், தோல் மண்டிப் பேரேடுகள் பரணில் மூட்டையாக. பழைய வட ஆற்காடு முழுக்க, குடியாத்தம் முதல் வாணியம்பாடி வரை, இப்படிக் கட்டுகள் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போதோ சங்கக் கட்டடத்தைக் காலி செய்யும்போதோதான் அவற்றின் நினைவே வரும். அதற்குள் பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்பார்.

நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு: மாவட்ட மைய நூலகம், உள்ளூர்க் கல்லூரி நூலகம், சென்னை, அல்லது வீட்டிலேயே வைத்துக்கொள்வது. ஸ்கேன் எடுப்பதை ஐந்தாவது வழியாகச் சொல்வார்கள். அது தனி வழி ஆகாது. மற்ற நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே செய்யவேண்டிய வேலை அது.

பொது நூலகம்

நூலகம் என்றால் பழையதைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பி முதலில் எல்லோரும் போவது இங்கேதான். ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வளர்ந்த நம் பொது நூலகம் புத்தகம் இரவல் கொடுப்பதற்காக அமைந்தது. ஒரு பொருளுக்கு ஒரு பதிவெண், ஒரு முத்திரை, பொருள்வாரி ஓர் இடம். 400 கடிதங்கள் கொண்ட கட்டு இந்தக் கணக்கில் அடங்காது. பதிவெண் போட்டால் ஒவ்வொரு கடிதத்திலும் மை முத்திரை விழும். பைண்டிங்குக்கு அனுப்பினால் அளவு வாரியாகப் பிரித்து, ஓரம் வெட்டி, பசை போட்டுத் தைத்துவிடுவார்கள். அந்த மைதாப் பசைதான் பூச்சிக்கு விருந்து. ஒன்றுமே செய்யாமல் மூலையில் வைத்தாலும், அடுத்த கழிவு நீக்கத்தில் பட்டியலில் இல்லாத கட்டுதான் முதலில் வெளியே போகும்.

ஆகவே அச்சான பொருள் மட்டும் இங்கே போகட்டும்: வெள்ளிவிழா மலர், ஆண்டறிக்கை, சங்கத்தின் துணைவிதிப் புத்தகம். கையெழுத்துக் கட்டுகளைக் கொடுக்க வேண்டாம்.

கல்லூரி நூலகம்

சங்கப் பதிவேடுகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். வரலாற்றுத் துறை இருக்கும், பட்டியல் எடுக்க மாணவர்கள் இருப்பார்கள், ஊர்க்காரர் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஆபத்து ஒன்றே ஒன்று. ஆர்வமாக வாங்கி வைத்த பேராசிரியர் ஓய்வு பெற்றதும் பெட்டி மாடிப்படிக்கு அடியில் போய்விடும். அதனால் தனி மனிதரை நம்பிக் கொடுக்கக் கூடாது. முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், பட்டியல் மூன்று பிரதி வேண்டும். தானமா, திரும்பப் பெறும் உரிமையுள்ள வைப்பா, எந்தக் காகிதத்தை எத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக் கூடாது, வேண்டாம் என்று கழிப்பதை யாரிடம் திருப்பித் தருவது: இவையெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

இடத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வேலூர் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை அடுப்பு மாதிரி. அங்கே தாள் அப்பளமாக நொறுங்கும். தரைத்தளத்தில் கரையானும் ஐப்பசி மழை ஈரமும். நடுத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், இரும்பு ரேக்கில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வைப்பதாகச் சொன்னால் நம்பிக் கொடுக்கலாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஈரமானி ஒன்று வாங்கி மாட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

சென்னை

சென்னை என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இரண்டு வேறு உலகங்கள். எழும்பூரில் 1909-ல் கட்டிய கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அரசுப் பதிவுகளின் வீடு. கலெக்டர் அலுவலகம் சார்ந்த வட ஆற்காட்டுக் கோப்புகளைத் தேடுகிறவர் அங்கேதான் போகிறார். குடும்பக் கடிதம் அந்தக் கடலில் ஒரு துளி. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வேறு ரகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த திரட்டை அடித்தளமாகக் கொண்டு 1994-ல் உருவானது. நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வீசியதையும் அவர் சேர்த்தார். எழுத்தாளர், பத்திரிகையாளர், நாடகக்காரர் குடும்பங்களின் தாள்கள் என்றால் முதலில் இங்கே கேட்டுப் பாருங்கள்.

நஷ்டம் என்ன? சுமார் 140 கி.மீ. தூரம். குடியாத்தத்துப் பள்ளி ஆசிரியர் ஒரு மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்ட லீவு போட்டுக் காட்பாடியில் ரயில் ஏற மாட்டார். இதன் உச்சத்தை வேலூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் சொந்தத் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. 1853-ல் தொடங்கிய அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பான ஆற்காடு மிஷனின் தாய்த் திருச்சபை தன் ஆவணங்களை நியூ ஜெர்சியில் வைத்திருக்கிறது. பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஊரின் கதையை ஊர்க்காரர் படிக்க விசா வேண்டும்.

வீடு

கொடுக்கும் வரைக்கும் வீட்டில் வைப்பது தவறில்லை, வைக்கும் விதம் தெரிந்தால். துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக் கூடாது. ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து, ஊசியின் முனையை மெதுவாகத் தூக்கி எடுக்க வேண்டும். ரப்பர் பேண்டு உருகித் தாளில் ஒட்டும். அதற்குப் பதில் பருத்தி நாடா போதும். செலோடேப், லாமினேஷன் இரண்டும் கூடவே கூடாது, பிறகு பிரிக்க வழியில்லை. அந்துருண்டைக்குப் பதிலாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பூச்சி அரித்த கட்டைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி, –18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது; திறந்தால் குளிர்ந்த தாளில் வியர்வை கோக்கும். கண்ணாடி நெகட்டிவுகளுக்கு இது வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் சேதம் பூச்சியால் அல்ல, அடுக்குகிறவரால். தேதி வாரியாக, ஆள் வாரியாக என்று பிரித்து 'சுத்தம்' செய்துவிடுவார்கள். சங்கக் கட்டு ஒன்றில் கூலி உயர்வு கேட்ட மனு, அதற்கடியில் நூல் விலை ரசீது, அதற்கடியில் நிர்வாகக் குழுத் தீர்மான நகல் என்று இருந்தால், மனுவைப் பேசியபோது எந்தக் கணக்கை முன்னால் வைத்தார்கள் என்று அந்த வரிசை சொல்லும். ரசீதுகளைத் தனி ஃபைலில் போட்டால் சாட்சி போச்சு. பிரிக்குமுன் கட்டை அப்படியே படம் எடுத்து, தாளின் மூலையில் 2பி பென்சிலால் எண் போடுங்கள். பேனா வேண்டாம்.

ஸ்கேன் எடுக்கக் கடிதத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), சின்னப் புகைப்படத்துக்கு 600. வண்ணத்தில் ஒரு ஏ4 பக்கம் சுருக்காத டிஃப் கோப்பாக 26 எம்பி வரும், ஆயிரம் பக்கம் 26 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க், மூன்றாவது பிரதி வேறு ஊரில். இணையத்தில் ஏற்றுமுன் ஒன்று: கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருடையது, அவர் இறந்தபின் வாரிசுகளுடையது.

தேர்வை மாற்றக்கூடிய இன்னொரு விஷயம் மொழி. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர் வீட்டுத் தாள்களில் உருது கலந்திருக்கும். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் போகும்முன் எழுதிய பத்திரங்களில் தெலுங்கும் வரும். படிக்கத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் அந்தக் கட்டு 'இதர' என்ற ஒரே சொல்லாகப் பட்டியலில் ஏறும். வாணியம்பாடிக் கட்டை எழும்பூருக்கு அனுப்புமுன் அங்கே உள்ள இஸ்லாமியாக் கல்லூரியில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.