ஆயில் சாம்பிளை எங்கே அனுப்புவது: கம்பெனி லேபா, வெளி லேபா?

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஆயில் டெஸ்ட் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரே கேள்விதான். "ஆயில் கம்பெனிக்காரனே சும்மா டெஸ்ட் பண்ணித் தர்றான், எதுக்குங்க காசு கொடுத்து வெளியில அனுப்பணும்?" நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் அனுப்பிப் பார்த்துவிட்டு, இப்போது காசு கொடுக்கும் பக்கம் வந்து நிற்கிறோம். அதனால் இந்த அலசல், எந்த ஆயில் கம்பெனியையும் சேராத வெளி லேப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

டெஸ்ட் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓடிய இன்ஜின் ஆயிலில் 100 மில்லி எடுத்து அனுப்பினால், அதில் எந்த உலோகம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கரைந்திருக்கிறது என்று லேப் சொல்லும். இரும்பு ஏறினால் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள் உறை), கிராங்க், கேம் பக்கம் தேய்மானம். குரோமியம் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். ஈயமும் வெள்ளீயமும் பேரிங். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. சிலிக்கான் என்றால் பெரும்பாலும் தூசி. இதோடு ஆயிலின் பிசுபிசுப்பு, புகைக்கரி, டீசல் கலப்பு, தண்ணீர், அமிலத்தைச் சமாளிக்க மிச்சமிருக்கும் சக்தியான டிபிஎன் எல்லாம் வரும். இது புது வித்தையும் இல்லை. அமெரிக்காவில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே 1946-லேயே டீசல் இன்ஜின் ஆயிலில் உலோகத்தை அளந்து கோளாறைக் கண்டுபிடித்தது. நம் ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளிலும் இதற்கென்றே லேப் இருக்கிறது.

ரிக்கில் இதன் அவசியம் லாரியைவிட அதிகம். துளை போடக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசரை ஓட்டும் இன்ஜின் பாறைத்தூள் புகைக்கு நடுவே நின்ற இடத்தில் மணிக்கணக்கில் முழு லோடில் ஓடுகிறது. ஏர் கிளீனர் ஹோஸில் ஒரு கிளாம்ப் தளர்ந்தால் போதும், அந்தத் தூள் நேராக லைனருக்குள். கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதற்குள் ரிங் போயிருக்கும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கம்பெனி லேபின் நன்மைகள் வெளிப்படை. பேரல் கணக்கில் ஆயில் வாங்குபவருக்குப் பல இடங்களில் இலவசம், இல்லாவிட்டால் பெயரளவுக்கு ஒரு கட்டணம். பாட்டில் அவர்களே தருவார்கள், டீலரின் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். அவர்கள் ஆயிலில் என்னென்ன சேர்மானம் போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பெரிய கம்பெனிகளுக்கு இதற்குப் பெயரே இருக்கிறது. ஷெல் இதை லூப்அனலிஸ்ட் என்கிறது, மொபிலில் மொபில் செர்வ். இன்ஜின் செய்பவர்களில் கேட்டர்பில்லர் எஸ்.ஓ.எஸ். என்ற பெயரில் நடத்துகிறது.

"அவன் ஆயிலை அவனே குறை சொல்வானா?" என்று பலரும் சந்தேகப்படுவார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. இரும்பு பிபிஎம்மை யாரும் திருத்தி எழுதுவதில்லை. கீழே எழுதும் குறிப்பில் வேண்டுமானால் கொஞ்சம் மென்மை இருக்கலாம். எண்ணைப் பார்க்கத் தெரிந்தவருக்குக் குறிப்பு எதற்கு?

வெளி லேபில் எல்லாமே நம் தலையில். கட்டணம் லேபுக்கு லேப், டெஸ்டுக்கு டெஸ்ட் மாறும். முழுசாகப் பார்க்கச் சொன்னால் சில லிட்டர் நல்ல ஆயிலின் விலை ஒரு பாட்டிலுக்கே போய்விடும், ஜிஎஸ்டி தனி. பாட்டிலை அனுப்புவதும் நம் பாடு. இவ்வளவு இருந்தும் ஏன் அந்தப் பக்கம்?

ஒரே காரணம்: ரிப்போர்ட்டுகளின் வரிசை யார் கையில் இருக்கிறது என்பது.

தனியாக ஒரு ரிப்போர்ட்டுக்கு மதிப்புக் குறைவு. இரும்பு 40 பிபிஎம் என்று வந்தால் அது நல்லதா கெட்டதா? 250 மணி நேரம் ஓடிய ஆயில் என்றால் பல இன்ஜின்களுக்கு அது சாதாரணம். 100 மணி நேரத்திலேயே 40 என்றால் யோசிக்க வேண்டும். அதுவும் இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும். ஒரே மாடல், ஒரே வருடம் வாங்கிய இரண்டு இன்ஜினில் ஒன்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இரும்பு காட்டிக்கொண்டே வருடக்கணக்கில் ஓடும். அதற்கு அதுதான் இயல்பு. ஆகவே பார்க்க வேண்டியது, இந்த இன்ஜின் போன முறை என்ன காட்டியது, அதற்கு முந்தைய முறை என்ன காட்டியது என்பதைத்தான். சிலிக்கான் 8, 9, 11 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 24 ஆகி, கூடவே அலுமினியமும் இரும்பும் ஏறினால் அன்றைக்கே ஏர் கிளீனர் லைனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே 24, இரும்பு அசையாமல் தனியாக வந்து, சமீபத்தில் இன்ஜின் வேலையும் நடந்திருந்தால், கேஸ்கெட்டுக்குப் போட்ட சிலிக்கான் பேஸ்ட் கரைந்து வந்திருக்கலாம். பழைய எண்கள் இல்லாமல் இந்த வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது.

இந்த வரிசை கம்பெனி லேபில் எப்போது அறுகிறது? ஆயில் பிராண்டை மாற்றும்போது. நம் தொழிலில் அதை மாற்றாதவர் யார்? பேரலுக்கு இவ்வளவு குறைத்துத் தருகிறேன் என்று ஒரு டீலர் வருவார், கடன் நாளை நீட்டித் தருகிறேன் என்று இன்னொருவர் வருவார், நாமும் மாறுவோம். மாறிய மறுநாளே பழைய கம்பெனியின் இலவச டெஸ்ட் நின்றுபோகும். பழைய ரிப்போர்ட்டெல்லாம் அவர்களுடைய இணையக் கணக்கில் கிடக்கும். பிடிஎஃப் இறக்கி வைத்திருந்தால் பிழைத்தோம். புதுக் கம்பெனியின் லேபில் நம் இன்ஜின் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

பழைய எண்ணையும் புது எண்ணையும் நாமே ஒரு நோட்டில் எழுதி ஒப்பிட்டால் ஆகாதா என்றால், அங்கேதான் சிக்கல். டிபிஎன்னை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை முறைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் டி2896 முறையில் அளந்தால் ஓர் எண், டி4739 முறையில் அளந்தால் இன்னோர் எண். முதலாவதில் சேர்க்கும் அமிலம் வீரியம் கூடியது என்பதால் எண் உயர்ந்து வரும், ஓடிய ஆயிலில் இந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு லேப் முதல் முறையையும் மற்றது இரண்டாவதையும் பின்பற்றினால், ஆயிலுக்கு ஒன்றுமே ஆகாமல் டிபிஎன் சரிந்தது போலத் தோன்றும். புகைக்கரியை ஒருவர் சதவீதத்தில் எழுதுவார், இன்னொருவர் அகச்சிவப்புக் கருவியின் அலகில் எழுதுவார். பிசுபிசுப்பை ஓரிடத்தில் 100 டிகிரியில் அளப்பார்கள், வேறிடத்தில் 40 டிகிரியில். இதையெல்லாம் ஒரே நோட்டில் வரிசையாக எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதைவிட மோசமானது செம்பு. ஆயில் பிராண்டை மாற்றினால் சில இன்ஜின்களில் செம்பு திடீரென்று எகிறும். பேரிங் போனதால் அல்ல. ஆயில் கூலரின் செம்புப் பரப்பில் பழைய ஆயிலோடு பழகிப் படிந்திருந்த படலத்தைப் புது ஆயிலின் சேர்மானம் கரைத்து, புதுப் படலம் படியும்வரை செம்பு ஆயிலில் கலந்துகொண்டிருக்கும். பிறகு தானாக இறங்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். பிராண்டை மாற்றிய அதே நேரத்தில் லேபும் மாறியிருந்தால், புது லேபுக்கு வரும் முதல் ரிப்போர்ட்டிலேயே செம்பு சிவப்பில் நிற்கும். முந்தைய வரிசை அவர்களிடம் இல்லை. எச்சரிக்கை அனுப்புவார்கள், அது அவர்கள் கடமை. ஈயமும் வெள்ளீயமும் ஏறாமல் செம்பு மட்டும் ஏறியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்கத் தெரியாவிட்டால், நல்ல இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற ஆள் கூப்பிட்டுவிடுவோம். பழைய எண்கள் தேவைப்படும் வேளையிலேயே அவை கைவிட்டுப் போகின்றன. எங்களை வெளி லேப் பக்கம் தள்ளியது இதுதான். ஆயில் யாருடையதானாலும் லேப் ஒன்று, முறை ஒன்று, வரிசை ஒன்று.

வெளி லேபுக்குப் போகிறவர்கள் ஒரு கூடுதல் செலவை ஏற்க வேண்டும். பிராண்ட் மாறும்போதெல்லாம் பேரலில் இருந்து புது ஆயில் ஒரு பாட்டில் தனியாக அனுப்ப வேண்டும். கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் ஒவ்வொரு ஆயிலிலும் ஒவ்வொரு அளவில் இருக்கும். அந்த அடிப்படை தெரியாவிட்டால் ஓடிய ஆயிலில் எது குறைந்தது, எது கூடியது என்று கணக்கிட முடியாது. கம்பெனி லேபுக்கு இந்த வேலை இல்லை, அவர்களுக்குத் தங்கள் ஆயில் தெரியும். ஆனால் இதில் ஓர் ஆதாயம் இருக்கிறது: பேரலுக்குள் இருப்பது லேபிளில் எழுதியிருப்பதுதானா என்றும் தெரிந்துவிடும். 15டபிள்யூ-40 என்றால் 100 டிகிரியில் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். புது ஆயிலே அதற்குக் கீழே இருந்தால் டீலரிடம் பேச வேறு சங்கதி இருக்கிறது.

பாட்டிலை அனுப்பும் வேலைக்கு வருகிறேன். கம்பெனி லேபின் பெரிய சௌகரியம் இங்கேதான். வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கூரியர் கவுண்டரில் "லிக்விட் எடுக்க மாட்டோம்" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்புவார்கள். ஓடிய இன்ஜின் ஆயில் பெட்ரோல் மாதிரி இல்லை. தீப்பற்றும் வெப்பநிலை சாதாரணமாக 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 60 டிகிரிக்குள் பற்றும் திரவங்கள்தான் எளிதில் தீப்பற்றும் சரக்கு வகையில் வரும். ஆயில் கம்பெனியின் பாதுகாப்புத் தகவல் தாளில் இந்த எண் இருக்கும், ஒரு நகல் எடுத்து டப்பாவோடு ஒட்டிவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும். டீசல் நிறையக் கலந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த எண்ணை நம்பக் கூடாது, கலப்பு ஏற ஏற அது இறங்கும். விமானத்தில் அனுப்பாதீர்கள், தரைவழி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாட்டில் மூடியை இறுக்கி டேப் சுற்றி, இரண்டு ஜிப் கவரில் போட்டு, சுற்றிலும் பனியன் வேஸ்ட் திணித்து, அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாட்டில் உடைந்தாலும் அத்தனையும் வேஸ்ட்டே குடித்துவிட வேண்டும், அதுதான் அளவு. ஆம்னி பஸ் பார்சல் வேகமானது, ஆனால் பஸ் ஆபீஸில் போய் எடுக்க லேபில் ஆள் வைத்திருப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுக்கும் முறை கெட்டால் எந்த லேபாலும் பிரயோஜனமில்லை. இன்ஜின் ஓடி ஆயில் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் முதலில் விழும் அடிமண்டி வேண்டாம், கடைசிச் சொட்டும் வேண்டாம், நடுவில் ஓடுவதைப் பிடிக்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கேஜ் குழாய் வழியாகப் பம்ப் போட்டு உறிஞ்சுவது இன்னும் நல்லது. காலி தண்ணீர் பாட்டிலில் பிடிப்பதை நிறுத்துங்கள், சூட்டில் நெளியும், உள்ளே ஈரமும் இருக்கும். இன்ஜின் மொத்தம் ஓடிய மணி, இந்த ஆயில் ஓடிய மணி, நடுவில் எத்தனை லிட்டர் டாப்-அப் என்ற மூன்றும் இல்லாத பாட்டிலை அனுப்புவது வீண். டாப்-அப் செய்யச் செய்ய பிபிஎம் நீர்த்துப்போய் நோயாளி நலமாக இருப்பதாகக் காட்டும். வண்டி மேனேஜரிடம் ஹவர் மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லிவிட்டால் வாய்க்கணக்கை நம்ப வேண்டியதில்லை.

வேகத்தில் எது முந்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. டீலர் சுறுசுறுப்பானவராக இருந்தால் கம்பெனி லேப் முந்தும். அவர் நாலு கஸ்டமர் பாட்டில் சேரட்டும் என்று கடையில் வைத்திருந்தால் ரிப்போர்ட் வருவதற்குள் அடுத்த ஆயில் சர்வீஸே வந்துவிடும்.

இரண்டு லேபுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. உலோகம் அளக்கும் கருவி மிக நுண்ணிய துகளைத்தான் பார்க்கும், சில மைக்ரானுக்கு மேல் போனால் கண்ணில் படாது. கியர் பல் உடைந்து துண்டாக விழுந்தால் ரிப்போர்ட் சுத்தமாகவே வரலாம். அதனால் சர்வீஸில் பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்துப் பார்ப்பதை விடக் கூடாது.

வாரன்டியில் இருக்கும் புது இன்ஜினுக்கு என் சிபாரிசு தலைகீழ். இன்ஜின் கம்பெனி தன் லேபிலேயே டெஸ்ட் கேட்டால் அங்கேயே அனுப்புங்கள். கிளெய்ம் என்று வந்தால் அவர்களுடைய ரிப்போர்ட்டைத்தான் அவர்கள் மதிப்பார்கள். வாரன்டி முடியும் மாதத்தில் மட்டும் ஒரே சாம்பிளை இரண்டு பாட்டிலில் பிடித்து இரண்டு லேபுக்கும் அனுப்பிவிட்டால், எண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். வரிசை அறாமல் மாறிக்கொள்ளலாம்.

சப்போர்ட் லாரிக்கும் கார்களுக்கும் இதே சிரத்தை தேவையா என்று கேட்கிறார்கள். என் அனுபவம் கம்ப்ரசர் இன்ஜினோடு நிற்கிறது. 40 லிட்டர் சம்ப், லட்சக்கணக்கில் ரீபோர் செலவு, தூசிக்கு நடுவே வேலை என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் கட்டணம் கட்டுப்படியாகிறது. நாலு லிட்டர் ஆயில் பிடிக்கும் காருக்கு டெஸ்ட் காசில் ஆயிலையே மாற்றிவிடலாம்.