எல்லையோர எஃகு ஊர்கள்: ஃபோல்க்லிங்கனா, பெல்வாலா?

பிரான்ஸ் எல்லையை ஒட்டி, நூறு கிலோமீட்டர் இடைவெளிக்குள், அணைந்துபோன ஊதுலைகளோடு, அதாவது தாதுவை இரும்பாக்கும் உயர்ந்த உலைகளோடு, இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்து ஃபோல்க்லிங்கன். மற்றது லக்ஸம்பர்க்கின் இரண்டாவது பெரிய ஊரான எஷ்-சூர்-அல்செட்டின் பெல்வால் பகுதி. கையில் ஒரு நாள்தான் என்றால் எதற்குப் போவது? தாது இரும்பாகும் விதம் புரிய வேண்டுமென்றால் யோசிக்காமல் ஃபோல்க்லிங்கன். உலை அணைந்தபின் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க பெல்வால்.

இரண்டும் எல்லையருகே அமைந்ததற்குக் காரணம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. பிரான்ஸின் லொரேனிலிருந்து தெற்கு லக்ஸம்பர்க் வரை பரவியிருக்கும் ‘மினெட்’ தாதுவில் இரும்பு சுமார் 30 சதவீதம்தான். ஒரு டன் கச்சா இரும்புக்கு மூன்று டன்னுக்கு மேல் தாது வேண்டும். அவ்வளவு கல்லை வெகுதூரம் ரயிலேற்றினால் கட்டுப்படியாகாது. எஷ் தாதுவின் மேலேயே உட்கார்ந்தது. ஃபோல்க்லிங்கன் சார் நிலக்கரிப் படுகையில் இருந்துகொண்டு எல்லைக்கு அப்பாலிருந்து தாதுவை வரவழைத்தது. மினெட்டுக்கு இன்னொரு கோளாறும் உண்டு: பாஸ்பரஸ் அதிகம், அதனால் எஃகு குளிரில் உடையும். 1879இல் வந்த தாமஸ் முறைதான் வழி திறந்தது. இரும்பை எஃகாக்கும் கலமான கன்வெர்ட்டரின் உட்புறத்துக்கு டோலமைட் பூசி, சுண்ணாம்பு சேர்த்தால் பாஸ்பரஸ் கசடோடு போய்விடும். அந்தக் கசடை அரைத்து உரமாகவும் விற்றார்கள்.

ஃபோல்க்லிங்கன் ஆலை 1873இல் தொடங்கியது. 1881இல் ரோக்லிங் குடும்பத்தின் கைக்கு வந்தது. முதல் ஊதுலை 1883இல் எரிந்தது. 1986இல் அணைத்தபோது ஆறு உலைகளும் வரிசையாக அப்படியே நின்றன. 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. தாது இரும்பாகும் சங்கிலியில் இங்கே எந்தக் கண்ணியும் விடுபடவில்லை என்பதே இதன் பெருமை. நிலக்கரியைச் சுட்டு உலைக்கான எரிபொருளாக்கும் கோக் அடுப்புகள், தாதுத்தூளைச் சுட்டுக் கட்டியாக்கும் சின்டர் ஆலை, சரக்கை 27 மீட்டர் உயர மேடைக்கு ஏற்றும் தொங்குரயில், காற்றைச் சூடாக்கும் அடுப்புகள், ஊதுகூடம் என எல்லாம் பார்க்கலாம். ஊதுகூடத்தை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். உலையிலிருந்து வெளியேறும் வாயுவைத் தூசு நீக்கி, அதிலேயே எஞ்சின்களை ஓட்டி, அந்த எஞ்சின்களாலேயே உலைக்குக் காற்று ஊதினார்கள். தன் மூச்சைத் தானே ஊதிக்கொண்ட ஆலை! இரண்டாம் உலகப் போரில் இங்கே கட்டாய உழைப்பில் வதைக்கப்பட்டவர்களுக்கான நினைவிடமும் வளாகத்துக்குள் இருக்கிறது.

சார்புரூக்கனிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். அரை நாளாவது ஒதுக்குங்கள். படிகள் ஏராளம், பல இடங்களில் கம்பி வலைத் தளம். குதிகால் செருப்பு ஆகாது, உயரத்துக்குப் பயப்படுபவர்கள் மேல்தளத்தைத் தவிர்க்கலாம்.

பெல்வாலில் அந்தத் தொடர்ச்சியைத் தேடினால் ஏமாற்றம்தான். 1912 வாக்கில் கட்டி முடிந்த ஆலை இது. இன்று நிற்கும் உலைகளோ 1965, 1970ஐச் சேர்ந்தவை. மூன்றாவதான ‘சி’ உலையை 1996இல் சீனாவின் குன்மிங்குக்கு விற்றுவிட்டார்கள். கடைசி உலை 1997இல் அணைந்தது. கடல்வழியே வந்த, இரும்பு இருமடங்கு செறிந்த தாதுவோடு மினெட் போட்டியிட முடியவில்லை. ஆனால் எஃகுத் தொழில் சாகவில்லை: மின்சாரத்தால் எரியும் மின்வில் உலையில் பழைய இரும்பை உருக்கி, பக்கத்திலேயே ஷீட் பைல் எனப்படும், மண்ணில் அறைந்து சுவராக்கும் எஃகுத் தகடுகளை உருட்டுகிறார்கள். உலைகளைச் சுற்றி 2015 முதல் லக்ஸம்பர்க் பல்கலைக்கழகம். தாதுவும் கோக்கும் சேமித்த கட்டடத்துக்குள் இன்று நூலகம். ஐரோப்பாவில் பழைய ஆலையை மறுபயன்பாடு செய்ததில் இதைவிடத் துணிச்சலானதைக் காட்டுவது கடினம். மற்ற புதுக்கட்டடங்கள் எனக்கு ஒட்டவில்லை. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கண்ணாடிப் பெட்டிகள்.

செலவு குறைவு: 2020 முதல் லக்ஸம்பர்க் முழுக்கப் பொதுப்போக்குவரத்து இலவசம், ரயிலின் முதல் வகுப்பு மட்டும் விலக்கு. பெல்வால்-யூனிவர்சிட்டே நிலையத்தில் இறங்கினால் உலைகள் நடை தூரம். ‘ஏ’ உலையில் படியேறலாம், ஆனால் ஆண்டு முழுதும் திறந்திருக்காது; நாள் பார்த்துப் போங்கள்.

எரியும் உலையுள்ள ஊர்தான் வேண்டும் என்பவர்கள் போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரைக்குப் போகலாம். கிழக்கு ஜெர்மனி 1950இல் வெறும் காட்டில் எழுப்பத் தொடங்கிய ஐசன்ஹூட்டன்ஸ்டாட் அது. 1953 முதல் 1961 வரை அதன் பெயர் ஸ்டாலின்ஸ்டாட். அங்கே பார்க்க வேண்டியது ஆலையைவிடத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளைத்தான். ஐம்பதாயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகை இன்று பாதிக்கும் கீழ்.

இரண்டு நாள் கிடைத்தால் ஃபோல்க்லிங்கனை முதலில் பாருங்கள். அங்கே தொங்குரயிலும் ஊதுகூடமும் பார்த்த கண்ணுக்குத்தான் பெல்வாலின் உலையடியில் எவையெல்லாம் அகற்றப்பட்டன என்று தெரியும்.