ஃபின்ச் செயலி: தேர்வுக் காலத்தில் ஒரு பறவைக் குஞ்சு

தோட்டத்திலுள்ள தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்துபோக வசதியான பேருந்து இல்லாததால், என் அண்ணன் மகள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் தங்கிப் படிவம் ஐந்து படிக்கிறாள். இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்க நெருங்க அவளுக்கு உறக்கமும் பசியும் குறையவே, பள்ளியின் ஆலோசக ஆசிரியை பரிந்துரைத்த 'ஃபின்ச்' செயலியை இருவரும் எங்கள் கைப்பேசிகளில் பதிவிறக்கி நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம்.

முட்டையிலிருந்து பொரிந்து வரும் ஒரு பறவைக் குஞ்சை வளர்ப்பதே விளையாட்டு. தண்ணீர் குடிப்பது, பத்து நிமிடம் நடப்பது என நாமே வகுத்துக்கொண்ட சிறு காரியங்களை முடிக்கும்தோறும் குஞ்சுக்கு ஆற்றல் கூடுகிறது. அது நிரம்பியதும் குஞ்சு ஊர்சுற்றப் புறப்பட்டு, திரும்பி வந்து தான் கண்டதைச் சொல்கிறது. சேரும் வானவில் கற்களைக் கொண்டு அதற்கு உடை வாங்கலாம். மூச்சுப் பயிற்சிகளும் உண்டு. அடிப்படை வசதிகள் அனைத்தும் இலவசம்.

நான் பெரிதும் மதிப்பது வேறொன்றை. நாம் சில நாள் திறக்காமல் விட்டாலும் குஞ்சு சாவதில்லை, நோயுறுவதுமில்லை. சோதனைத் தேர்வு வாரத்தில் ஐந்து நாள் அதைத் தொடாதிருந்தவள், "கோபிச்சுக்கவே இல்ல அத்தை" என்று வியப்போடு என்னிடம் காட்டினாள். பள்ளியிலும் கூடுதல் வகுப்பிலும் வீட்டிலும் நாள் முழுதும் தேர்வுப் புள்ளிகளைப் பற்றியே கேட்கும் பிள்ளைக்கு, தவறியதற்குக் கணக்குக் கேட்காத ஓர் இடம் எவ்வளவு தேவையாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நம் மனநிலையைப் பற்றிக் குஞ்சு கேட்கும் கேள்விகள் ஆங்கிலத்தில் வருகின்றன. பதிலைத் தமிழில் தட்டச்சு செய்யத் தடையில்லை. எங்கள் வீட்டில் எல்லா வருத்தத்துக்கும் "மனசு சரியில்லை" என்ற ஒரே சொல்தான். திணறல், ஏக்கம், எரிச்சல் என்று அவள் பிரித்துச் சொல்லப் பழகியது இந்தக் கேள்விகளால்தான். ஒரு நாள் இரவு, "அம்மாவைப் பாக்கணும் போல இருக்கு, சொன்னா பாரமா நினைப்பாங்க" என்று எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். மறுநாள் காலையிலேயே அண்ணியை வரச் சொன்னேன்.

அந்தக் கைப்பேசியை வாங்கிப் படிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்; அதைச் செயலி செய்ய இயலாது. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வு, பதின்ம வயது மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. இந்தச் செயலி சிகிச்சைக்கு மாற்றன்று. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னாலோ, உடனே அரசாங்க சுகாதார நிலையத்தை நாட வேண்டும். அமைச்சின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான ஹீலை 15555 என்ற எண்ணில் அழைத்தும் பேசலாம்.

இப்போது அண்ணியின் கைப்பேசியிலும் ஒரு குஞ்சு வளர்கிறது. செயலி வழியே தாயும் மகளும் காலையில் ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள். அண்ணி செம்பனைக் காட்டுக்குப் புறப்படுமுன் அனுப்பிவிடுகிறார்.