மாமாங்கத்துக்குப் போன இடத்தில் பழங்காசு பார்த்த கதை

பன்னிரண்டு வருடமாக நாணயம் சேர்க்கிறேன். லண்டனில் கண்காட்சி என்றால் சனிக்கிழமை வேலையைக்கூட மாற்றிக்கொண்டு போகிற ஆள். ஆனால் சொந்த ஊரான மட்டக்களப்பில் நாணயக் கண்காட்சிக்குப் போனது இதுதான் முதல் தடவை. அதுவும் திட்டம் போட்டுப் போகவில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம் ஆடுவதற்காக வந்து, கல்லடியில் பெரியம்மா வீட்டில் புட்டும் கட்டித் தயிருமாக நான்கு நாள் படுத்துக் கிடந்த பிறகு, மச்சான்தான் "டவுனுக்குள்ள ஒரு ஹோலில பழைய முத்திரையும் காசும் விக்கிறாங்களாம், உனக்குத்தானே இந்த விசர்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு மேசை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றவில்லை. கார்ட் எடுப்பதில்லை, காசு மட்டும்தான், அதனால் ஏடிஎம்முக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருந்தது. பாதி மேசைகளில் பழைய ரூபாய் நோட்டும் முத்திரையும். 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளி நாணயம் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. எனக்கு வேண்டியது அதைவிடப் பழையது.

பழையது இரண்டே மேசையில்தான். முதலாவது மேசைக்காரர் என் சப்பாத்தைப் பார்த்த உடனேயே "அண்ணே வெளிநாடா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அங்கேதான் பிழை விட்டேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு ராஜராஜன் செப்புக்காசை எடுத்து வைத்து 12,000 ரூபாய் என்றார். ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. சோழர் காசு இலங்கையிலும் நிறையப் புழங்கியது, பொலன்னறுவை அரசர்கள் பராக்கிரமபாகு முதல் லீலாவதி வரை இதே அச்சைப் பார்த்துத்தான் தங்கள் 'மஸ்ஸ' என்ற செப்புக்காசுகளை அடித்தார்கள், அதனால் இது இன்றும் மலிவாகக் கிடைக்கிற காசு. இதைவிட நல்லதை லண்டனில் பத்துப் பவுணுக்கு வாங்கியிருக்கிறேன், அதாவது நாலாயிரம் ரூபாய் சொச்சம். சோழன் காசை மட்டக்களப்பில் லண்டன் விலையைவிட மூன்று மடங்கு கொடுத்து வாங்குவதா என்று சிரிப்புத்தான் வந்தது.

நான் வாங்கவில்லை என்றதும் அடுத்தது வந்தது: ஒல்லாந்தர் காசு. செம்பு, ஒரு பக்கம் 'வி' எழுத்தின் இரு கையிலும் 'ஓ', 'சி' கோத்த, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் விஓசி முத்திரை, கீழே 1752. "ஒல்லாந்தன் நம்மட கோட்டையைப் பிடிச்ச நேரம் அடிச்ச காசு அண்ணே, வாவில வலை போட்ட ஆக்களுக்கு மாட்டினது." புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். காசில் இருப்பதோ 1752. 114 வருட வித்தியாசம் காசிலேயே அச்சடித்து இருக்கிறது, அதை என் கையில் கொடுத்துக்கொண்டே இந்தக் கதை. இந்தக் காசுக்கு டொய்ட் என்று பெயர், நெதர்லாந்தில் ஹொலண்ட், ஸீலண்ட் போன்ற மாகாணங்களில் 1726 முதல் கம்பெனிக்காக அடித்துக் கப்பலில் ஆசியாவுக்கு அனுப்பினார்கள். காசு நல்ல காசுதான், பொய்யில்லை. கதைதான் பொய்.

அந்த மேசையில் எல்லாக் காசுக்கும் ஒரு கதை இருந்தது. இது அக்கரைப்பற்று வயலில் உழும்போது வந்தது, அது கிணறு வெட்டும்போது வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து புதிதாக எடுபடுகிற தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். கதை உண்மை என்றால் அதை விற்கவே அவருக்கு உரிமையில்லை, பொய் என்றால் அப்புறம் நான் எதை நம்பி வாங்குவது?

பிறகு அவர் எடுத்ததுதான் என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. சேதுக்காசு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் அடித்தது, படுத்திருக்கிற நந்தி, அதற்கு மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. எத்தனை காசு சேர்த்தாலும் நம் எழுத்து உள்ள காசைக் கையில் வைக்கும்போது வருகிற உணர்ச்சி வேறு, அதை மறைக்க எனக்குத் தெரியாது, அவரும் அதைக் கண்டுவிட்டார். ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டி "பாருங்க, பிடிக்கல்ல, ஒரிஜினல்" என்றார். செம்பையும் பித்தளையையும் ஈயத்தையும் காந்தம் பிடிக்காது, நேற்று வார்த்த செம்பையும் பிடிக்காது. நான் லென்ஸை எடுத்தேன். நந்தியின் திமில் சவர்க்காரக் கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருந்தது. தேய்ந்த காசில் மேடான இடம்தான் முதலில் போகும், பள்ளத்தில் கூர் இருக்கும், இதில் பள்ளமும் சேர்ந்தே மழுங்கல், எங்கும் ஊசிமுனையளவு குழிகள். விளிம்பில் ஒரு மெல்லிய கோடு, யாரோ அரத்தால் தேய்த்த அடையாளம்.

இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சந்தோஷமாக இரண்டை எடுத்து வைத்தார். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்றிலும் 'து' வுக்குப் பக்கத்தில் விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு. கையால் அடித்த காசில் இரண்டு ஒன்றுபோல வரவே வராது, ஒவ்வொன்றிலும் உலோகம் வேறு வேறு விதமாக வெடிக்கும். ஒரே காசை அச்செடுத்து வார்த்த மூன்று பிள்ளைகள் இவை. சொன்னேன். "அது அண்ணே அந்தக் காலத்து மெசின் அப்படி" என்றார்! மச்சான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

ரசீது கேட்டதற்கு "பழைய காசுக்கு யாரண்ணே துண்டு எழுதுற" என்றார். ஒப்பிடுவது சரியில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: லண்டனில் நான் வாங்குகிற மேசைகளில் பேர், விலாசம், காசின் விபரம் எழுதிய ரசீது தருவார்கள், போலி என்று பிறகு தெரிந்தால் கொடுத்த பணம் திரும்பி வரும்.

இரண்டாவது மேசை காத்தான்குடி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவருடையது. அறுபது வயதிருக்கும், நகைக்கடைத் தராசு ஒன்று, ஒரு கொப்பி, அவ்வளவுதான். ஒவ்வொரு காசும் அட்டைக்குள், அட்டையில் பென்சிலால் எடை, விலை. "தம்பி, எடுத்துப் பாருங்க, நிறுத்தும் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தார். அவரிடமும் ஒரு டொய்ட் இருந்தது, முதல் மேசைக்காரர் சொன்னதில் பாதி விலை, தண்ணீரிலிருந்து எழும்புகிற, ஸீலண்ட் மாகாணச் சின்னமான சிங்கம் பிடரியோடு தெளிவாகத் தெரிந்தது. எடுத்து வைத்தேன். அவர் திருப்பி எடுத்துவிட்டார்.

"வெளியில இருந்து வந்தயள் போல. இதக் கொண்டுபோக ஏலா தம்பி. இஞ்சயே வெச்சிப் பாக்கிறண்டா தாறன்."

சட்டத்தில் தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2க்கு முந்தியது, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். எனக்கு இது தெரியும், தெரிந்துகொண்டுதான் கை நீட்டினேன், அதுதான் வெட்கமாக இருந்தது. சின்னக் காசுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் மேசைக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார்.

நானா பெட்டியின் அடியிலிருந்து விக்டோரியா காலத்துச் செப்புச் சதங்களை எடுத்தார். 1870 என்று இருக்கும், ஆனால் ரூபாயும் நூறு சதமும் என்ற கணக்கு இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 1872இல்தான். ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் தாளிப்பனை, பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும். ஒன்று புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. "இத எடுக்காதீங்க, இத விக்க வந்த ஆள் மினுக்கிப்போட்டார், தோல உரிச்ச மாதிரி" என்று தானே ஒதுக்கி வைத்தார். கறுத்துப்போன, ஆனால் பனையின் ஓலை ஓலையாகத் தெரிகிற இரண்டைத் தெரிந்து 1,800 ரூபாய்க்கு எடுத்தேன். பேரம் பேசவில்லை. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, இரண்டு காசின் வருடம், எடை, விலை, தன் பேர், போன் நம்பர் எல்லாம் எழுதித் தந்தார். பிளேன்டீயும் வந்தது, சல்லி வாங்கவில்லை.

வீட்டில் பெரியம்மா பார்த்துவிட்டு "இதுக்கா மனே சல்லி குடுத்த" என்று கேட்டதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த நாள் கடைசி நாள், நானாவிடம் காசு வைக்கிற அட்டை கொஞ்சம் வாங்கலாம் என்று திரும்பப் போனேன். முதல் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், கண் தானாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. சேதுக்காசு இரண்டுதான் இருந்தது.