ஃபெய்த் நோ மோர்: பல வருடம் கேட்ட பிறகு எழுதுவது

ஃபெய்த் நோ மோர் என்ற அமெரிக்க ராக் குழுவைச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது 'எபிக்' பாட்டின் வீடியோ முடிவில் தண்ணீரில்லாமல் துடிக்கும் அந்த மீன்தான். 1990-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 9-ஆம் இடம் வரை ஏறிய பாட்டு அது. ராப் மாதிரி பேச்சாகப் போய், பல்லவியில் மெட்டல் கிட்டாரோடு வெடித்து, கடைசியில் தனிப் பியானோவில் அடங்கும். அந்த ஒரு பாட்டை வைத்தே 'ராப் மெட்டல் கோஷ்டி' என்று முத்திரை குத்திவிட்டார்கள். கல்லூரிக் காலத்திலிருந்து இவர்களைக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் அந்த முத்திரை மீது எனக்குத் தீராத எரிச்சல். அவர்களுடைய மொத்தப் பாட்டுகளில் அந்த ரகம் ஒரு கைப்பிடிகூடத் தேறாது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான குழு. பேஸ் கிட்டாரில் பில்லி கூல்ட், டிரம்ஸில் மைக் போர்டின், கீபோர்டில் ராடி பாட்டம். இந்த மூவர் மட்டும் கடைசிவரை மாறவில்லை. பாடகர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாளில் 'ஹோல்' குழுவால் புகழ்பெற்ற கோர்ட்னி லவ்கூடக் கொஞ்ச நாள் பாடியிருக்கிறார். முதல் இரண்டு ஆல்பங்களில் (1985, 1987) சக் மோஸ்லி. சுருதியோடு அவருக்கு அவ்வளவு சிநேகம் கிடையாது. ஆனாலும் அந்த அலட்சியக் குரல் 'வி கேர் எ லாட்' பாட்டுக்கு எப்படியோ பொருந்திப்போகிறது. அப்புறம் வடக்கு கலிஃபோர்னியாவின் யுரேகா என்ற சிற்றூரிலிருந்து மைக் பேட்டன் வந்தார். புது ஆல்பத்துக்கான இசை ஏறக்குறைய தயாராக இருந்தது. இரண்டே வாரத்தில் எல்லாவற்றுக்கும் வரிகள் எழுதினார். அதுதான் 1989-இல் வந்த 'தி ரியல் திங்'.

நாள்பட்ட உபயோகத்தில் 'தி ரியல் திங்' கொஞ்சம் தேய்ந்துதான் போயிருக்கிறது. பேட்டன் அதில் மூக்கால் பாடுவார். பத்து நிமிடம் சுவாரசியமாக இருக்கும், முழு ஆல்பமும் அதே குரல் என்றால் அலுப்புத் தட்டும். டிரம்ஸ் ஒலியிலும் எண்பதுகளின் வாடை. பட்டியல்களில் எவ்வளவு மேலே இருந்தாலும் இப்போது நான் அதை முழுதாகக் கேட்பது அபூர்வம்.

தேயாமல் இருப்பது 1992-இல் வந்த 'ஏஞ்சல் டஸ்ட்'. 'எபிக்' மாதிரி இன்னொன்று வரும் என்று இசைத்தட்டு கம்பெனி காத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் கொடுத்தது இது. முன்னட்டையில் அழகான கொக்கு, பின்னட்டையில் கசாப்புக் கூடத்தில் தொங்கும் இறைச்சி. உள்ளேயும் அதே கதைதான். 'ஆர்வி' ஒரு சோம்பேறி நடுவயசுக்காரனின் முனகல், அமெரிக்கக் கிராமிய ரகமான கன்ட்ரி இசையில். 'பி அக்ரெசிவ்' தேவாலய ஆர்கனில் தொடங்கி, பள்ளி விளையாட்டு மைதானத்துப் பெண்கள் கோஷம் போடுவதுபோல எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பல்லவிக்குப் போகும். 'மால்பிராக்டிஸ்' காது கிழியும் கூச்சல். நடுவில் திடீரென ரஷ்ய செவ்வியல் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் எட்டாவது கம்பிவாத்திய நால்வர் இசையிலிருந்து ஒரு துணுக்கு எட்டிப் பார்க்கும். 'லேண்ட் ஆஃப் சன்ஷைன்' வரிகளில் பாதி, சீன உணவகங்களில் தரும் அதிர்ஷ்ட பிஸ்கட்டுக்குள் இருக்கும் வாசகங்களும் ஆளுமைத் தேர்வுக் கேள்விகளும்தான். எல்லாம் முடிந்து, 'மிட்நைட் கவ்பாய்' படத்தின் தீம் இசையை ஒரு கிண்டலும் இல்லாமல் வாசித்து மங்கலம் பாடுகிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வகை கலப்பது அதிர்ச்சியே தராது. ஒரே படத்தில் நாட்டுப்புறம், டிஸ்கோ, மேற்கத்திய செவ்வியல் எல்லாம் அடுத்தடுத்து வருவது நமக்குச் சகஜம். ஆங்கில விமர்சகர்கள் இவர்களைப் பற்றி 'எதிலும் அடங்காதவர்கள்' என்று வியக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். என்னைக் கவர்வது வேறு. எந்த வகையை எடுத்தாலும் அதை அரைகுறையாகத் தொடமாட்டார்கள். சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான பாட்டு வகை) என்றால் முழு சோல் பாட்டு. 'ஈஸி' பாட்டை கமடோர்ஸ் குழுவிடமிருந்து எடுத்தபோது நக்கல் செய்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்க, இவர்கள் மூலத்துக்கு வஞ்சகமில்லாமல் பாடிவைத்தார்கள். பிரிட்டனில் 3-ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம்.

இத்தனை வகைகளையும் ஒரே குழுவின் குரலாக ஒட்டவைப்பது பேட்டன் என்றுதான் ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பேஸும் டிரம்ஸும்தான். போர்டின் பெர்க்லியில் மேற்கு ஆப்பிரிக்கத் தாளம் படித்தவர். தாம் தூமென்று அடித்தாலும் உள்ளுக்குள் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கூல்ட் பேஸை மெல்லிசாக வைத்துக்கொள்வதில்லை, கிட்டாருக்கு முன்னால் வந்து நிற்பார். இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிக் குழு காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்ஃபோனாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கிட்டார் நாற்காலிதான் இவர்களுக்கு ராசியில்லாதது. 'ஏஞ்சல் டஸ்ட்' போன பாதை ஜிம் மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை, 1993-இல் வெளியேற்றப்பட்டார். (பிற்பாடு அவர் ராட்சதப் பூசணிக்காய் வளர்த்துப் போட்டிகளில் கலந்துகொண்டார். ராக் உலகில் இதைவிட நிம்மதியான ஓய்வுக்காலம் இருக்குமா தெரியவில்லை.) அடுத்த ஆல்பத்துக்கு ட்ரே ஸ்ப்ரூயன்ஸ் வாசித்தார், கச்சேரிப் பயணத்துக்கு முன்பே விலகினார். அவர் இடத்துக்கு, குழுவோடு மேடை வேலை பார்த்துவந்த டீன் மென்டா ஏறினார். 1997 ஆல்பத்திலிருந்து ஜான் ஹட்சன். ஸ்ப்ரூயன்ஸ் வாசித்த 1995 ஆல்பமான 'கிங் ஃபார் எ டே' வந்தபோது பலர் உதடு பிதுக்கினார்கள். எனக்கு வருடா வருடம் மேலேறிக்கொண்டே வரும் ஆல்பம் அதுதான்.

இனி கச்சேரிகள். நான் இவர்களை நேரில் பார்த்ததில்லை. என் அனுபவம் முழுக்கப் பதிவுகள் வழியாகத்தான், அதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

முதலில் 1990 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் பதிவானது. குரங்குக் கூட்டத்தைத் திறந்துவிட்ட மாதிரி பேட்டன் மேடை முழுக்கப் பாய்கிறார். அந்தப் பயணத்தில் தங்கள் பாட்டுக்கு நடுவே நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் போன்ற இளைஞர் பாப் குழுக்களின் பாட்டு வரிகளைச் செருகுவது அவர் வழக்கம். மெட்டல் ரசிகர்கள் வெறுத்த பாட்டு எதுவோ அதை அவர்கள் வாயாலேயே பாடவைப்பது ஒரு குஷி. மெட்டல் முன்னோடிகளான பிளாக் சபாத்தின் 'வார் பிக்ஸ்' மட்டும் மரியாதையோடு வரும்.

1998 ஏப்ரலில் லிஸ்பனில் கடைசிக் கச்சேரி, அந்த மாதமே குழு கலைந்தது. பதினோரு வருடம் கழித்து 2009-இல் திரும்பினார்கள். பழைய குழு மறுபடி சேர்ந்தால் பெரிய ஹிட்டோடு தொடங்குவதுதான் வழக்கம். இவர்கள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, பீச்சஸ் அண்ட் ஹெர்ப் ஜோடியின் 'ரீயுனைட்டட்' என்ற பழைய காதல் பாட்டை ஓட்டல் வரவேற்பறைக் குழு மாதிரி இழைத்து இழைத்துப் பாடினார்கள். அது முடிந்ததும் அடி. இங்கிலாந்தில் நடக்கும் 'டவுன்லோட்' ராக் திருவிழாவின் அந்தப் பதிவைத் தேடிப் பாருங்கள்.

மறுவருகைக் காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'மிட்லைஃப் கிரைசிஸ்' பாட்டின் ஒரு இடத்தை. கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கும். பேட்டனும் பாடமாட்டார், சும்மா நின்று வேடிக்கை பார்ப்பார். கூட்டம் தானாகப் பல்லவியை எடுத்துப் பாடும். சில நாள் அங்கிருந்து பழையபடி பாட்டுக்குத் திரும்புவார்கள். சில நாள் போஸ் ஸ்காக்ஸின் 'லோடவுன்' பாட்டுக்குத் தாவிவிடுவார்கள், தாளம் உடையவே உடையாது. ஐந்தாறு ஊர்ப் பதிவுகளை வரிசையாகப் போட்டு இந்த ஒரு இடத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்தக் குழு பிடிபட்டுவிடும்.

தென் அமெரிக்கப் பதிவுகளுக்குத் தனி ருசி. 1991-இல் வின்யா தெல் மார் விழாவுக்குப் போனதிலிருந்தே சிலேயில் இவர்களுக்கு வெறித்தனமான கூட்டம். 'எவிடென்ஸ்' பாட்டை அங்கே ஸ்பானிஷில் பாடுவார் பேட்டன், பிரேசிலில் போர்த்துகீசில். 2011-இல் சான்டியாகோவில் ஸ்ப்ரூயன்ஸை வரவழைத்து 'கிங் ஃபார் எ டே' முழுவதையும் வாசித்தார்கள். ஸ்டுடியோவில் கச்சிதமாக இருந்த பாட்டுகள் அங்கே கை கால் நீட்டிக்கொள்கின்றன.

2014-இல் லண்டன் ஹைட் பார்க்கில் பிளாக் சபாத்துக்கு முன்னால் பாதிரியார் அங்கியில் வந்தார்கள். அடுத்த வருடம் மேடை முழுக்க வெள்ளைத் துணியும் பூக்களும். அந்த 2015-இல் சொந்த லேபிளில் வந்த 'சோல் இன்விக்டஸ்' நல்ல ஆல்பம், ஆனால் கொஞ்சம் அடக்கம் அதிகம். மேடையில் அதன் பாட்டுகள் இன்னும் எடுப்பாக இருக்கின்றன.

அதன்பின் வெறும் காத்திருப்பு. 2016-இல் முதல் ஆல்பத்தின் மறுவெளியீட்டை ஒட்டி மோஸ்லியோடு ஓரிரு கச்சேரி செய்தார்கள்; மறுவருடமே மோஸ்லி காலமானார். 2020 பயணத்தைக் கொரோனா தள்ளிப்போட, 2021-இல் பேட்டன் தன் மனநலத்தைக் காரணம் சொல்லி விலகினார், கச்சேரிகள் ரத்தாயின. டிக்கெட் வாங்கியவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் இத்தனை வருடம் தொண்டையைக் கிழித்துக்கொண்ட மனிதர் முடியவில்லை என்று சொன்னால் சரி என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? பேட்டன் பிறகு தன் இன்னொரு குழுவான மிஸ்டர் பங்கிளோடு மேடைக்குத் திரும்பினார்.

புதிதாகத் தொடங்குபவர் 'எபிக்' பக்கம் உடனே போக வேண்டாம். 'ஏஞ்சல் டஸ்ட்' ஒரு வாரம், 'கிங் ஃபார் எ டே' ஒரு வாரம், நடுவில் டவுன்லோட் 2009 பதிவு. கிட்டார் கனமாக இருந்தால்தான் ராக் என்று நினைப்பவர்கள் பிரிக்ஸ்டன் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கு எரிச்சல்தான் தரும்.