மாதச் சம்பளமா, சொந்த அறையா, சினிமாவா? விளம்பர மிக்ஸிங்கில் மூன்று வழிகள்

விளம்பரங்களுக்கு மிக்ஸிங், அதாவது குரல், இசை, மற்ற ஒலிகளை அளவாகக் கலக்கும் வேலை, செய்கிறேன் என்றால் ஊரில் இன்னமும் "எந்தப் படத்துக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். முப்பது நொடி விளம்பரத்தில் யார் பெயரும் வராது. அதனால் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது. என்னிடம் உதவியாளராக இருந்த தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணே, அஞ்சு வருஷம் ஆச்சு. ஸ்டுடியோலயே இருக்கவா, தனியா ரூம் போடவா, இல்ல படத்துக்குப் போயிடவா?" மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறான்.

ஸ்டுடியோ வேலையைக் குறைத்துச் சொல்பவர்கள் நிறைய. சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலையே சூடுபிடிக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே முதுகுக்குப் பின்னால் ஒரு சோபா இருக்கிறது. அதில் விளம்பர ஏஜென்சிக்காரர்களும் கிளையன்ட்டும் உட்கார்ந்திருப்பார்கள். நான் கற்றதில் பாதி அந்த சோபாவிலிருந்து வந்தது.

ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம். வாணலியில் கடுகு வெடிக்கிறது, அதே நேரத்தில் குரல் எண்ணெயின் பெயரைச் சொல்கிறது. "கடுகு இன்னும் கேக்கணும், ஆனா பேரு அமுங்கக் கூடாது" என்றார் சோபாவில் இருந்தவர். ஒன்றைக் கூட்டினால் மற்றது அமுங்கும். அரை மணி நேரம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேடரோடு மல்லுக்கட்டினேன். அப்போதைய சீனியர் எழுந்து வந்து, பெயரின் மேல் விழுந்த நாலு வெடிப்புகளை மட்டும் வெட்டி எடுத்தார். பெயருக்கு முன்னும் பின்னும் இருந்தவற்றைத் தொடவே இல்லை. சத்தத்தில் ஒரு டெசிபல்கூடக் கூட்டவில்லை. "இப்ப ரெண்டுமே நல்லா ஏறியிருக்கு சார்" என்றார் கிளையன்ட். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் சொல்லித் தரமாட்டார்கள்.

சொந்த அறையில் அந்த சோபா கிடையாது. மிக்ஸை லிங்க்காக அனுப்புகிறோம், பதில் வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக வருகிறது. "பேஸே இல்லையே பாஸ்." எதில் கேட்டீர்கள் என்றால், காரில் போய்க்கொண்டே போன் ஸ்பீக்கரில் என்பார்கள். கட்டைவிரல் அகல ஸ்பீக்கரில் பேஸ், அந்த அடி ஒலி, எங்கிருந்து வரும்? ஆனால் அதைச் சொல்லக் கூடாது. போனிலும் கேட்கும்படி பேஸ் கிட்டார் ஒலியின் உயர் அதிர்வெண் பகுதியைக் கொஞ்சம் முறுக்கேற்றி, மறுபடி அனுப்ப வேண்டும். எதிரே ஆள் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும் விஷயம், இங்கே ஒரு நாளைத் தின்றுவிடும்.

வேலையின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆள் எண்ணிக்கைதான் வேறு. 30, 20, 10 நொடி என மூன்று நீளம், தென்னிந்தியாவின் நாலு மொழி, ஆக 12 கோப்புகள். யூடியூபுக்கு 6 நொடி துண்டு தனி. மும்பையிலிருந்து இந்தி விளம்பரம் வந்தால் இசையும் விளைவு ஒலிகளும் தயாராக வரும், தமிழ்க் குரலை மட்டும் நாம் உட்கார வைக்க வேண்டும். இந்தியில் இரண்டு நொடியில் முடியும் வாக்கியம் தமிழில் பெரும்பாலும் இரண்டரை நொடி ஓடும். மூச்சுகளை வெட்டி, நாலைந்து சதவீதம் வேகத்தைக் கூட்டி நெருக்கலாம். அதற்கு மேல் போனால் குரல் கொடுத்தவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல இருக்கும். எழுத்தாளரைக் கூப்பிட்டு ஒரு சொல்லைக் குறைக்கச் சொல்வதே மேல். ஸ்டுடியோவில் அந்தப் போனை வேறு யாராவது செய்வார்கள். சொந்த அறையில் எழுத்தாளரைக் கூப்பிடுபவர், கணக்குப்பிள்ளை, டீ வாங்குபவர் எல்லாம் நாமேதான்.

அப்புறம் சத்தச் சண்டை. "பக்கத்து விளம்பரத்தைவிட சத்தமா இருக்கணும்" என்பது பழைய ஆசை. அந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான் அமெரிக்கா 2010இல் சட்டமே கொண்டுவந்தது. நிகழ்ச்சியைவிட விளம்பரம் அலறக் கூடாது என்ற அந்த விதி 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒளிபரப்பின் அளவு -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தை அளக்கும் அலகு). யூடியூப் சுமார் -14க்கு மேல் போவதைத் தானாகவே குறைத்துவிடுகிறது. -8இல் நசுக்கி அனுப்பினால் அது 6 டெசிபல் இறக்கி ஒலிக்கும். மேடு பள்ளமெல்லாம் போய்ச் சப்பென்று ஆனதுதான் மிச்சம். இதைக் கிளையன்ட்டுக்குப் புரியவைக்க ஸ்டுடியோவின் பெயர் உதவும். தனியாளாகச் சொன்னால், "வேற ஆள் செஞ்சு தர்றேங்கறாரே" என்பார்கள்.

காசு விஷயத்தில் சொந்த அறை ஜெயிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. தாளில் பார்த்தால் ஜெயிக்கும்தான். ஆனால் பில் போடும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பில் போட்ட மாதத்துக்கான 18 சதவீதத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், கிளையன்ட் பணம் தந்தாரா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வேலைக்கு ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது எனக்கு. வரியை மட்டும் நேரத்துக்குக் கட்டியிருந்தேன். தம்பிக்கு நான் சொன்ன ஒரே நிதி ஆலோசனை, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதல் நாளே போட்டுவிடு என்பதுதான். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கிளையன்ட் தாமதித்தால் அந்தச் செலவைக் கொடுக்கும் வரை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அந்த விதியை மெயிலில் மரியாதையாகச் சேர்த்து அனுப்பினால் சில நேரம் வேலை செய்கிறது.

சரி, சினிமா. விளம்பரம் சினிமாவுக்குப் படிக்கட்டு என்ற கனவுக்கு ரகுமான்தான் காரணம். ஜிங்கிள்கள் (குட்டி விளம்பரப் பாட்டுகள்) செய்துகொண்டிருந்தவர் 1992இல் படத்துக்கு வந்தார், ஜிப்ரானும் விளம்பர இசையிலிருந்து வந்தவரே. ஆனால் இவர்கள் இசையமைப்பாளர்கள். மெட்டைக் கேட்டு இயக்குநர் தேடி வரலாம், மிக்ஸிங்கைக் கேட்டு யாரும் தேடி வருவதில்லை. சினிமா மிக்ஸிங்குக்குப் போகிறவர் மறுபடியும் உதவியாளராகத்தான் தொடங்க வேண்டும். நான் இரண்டு படத்தில் அப்படி இருந்தேன். அறையே ஒரு சின்ன தியேட்டர். திரைக்குப் பின்னால் இருக்கும் முக்கிய ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 85 டெசிபலுக்கு அளவு வைக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலிக்கும் டால்பி அட்மாஸில் ஒரே நேரத்தில் 128 தடங்கள் வரை ஓடலாம். கண் கலங்கும் காட்சியில் முழு இரண்டு நொடி ஒன்றுமே ஒலிக்காமல் விடலாம். விளம்பரத்தில் அரை நொடி விட்டால் "ஆடியோ கட் ஆயிடுச்சா?" என்பார்கள். அந்த அமைதிக்காகவே சினிமாவில் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். ஆனால் வெளியீட்டுத் தேதியை நோக்கி மூன்று வாரம் தூக்கமில்லாமல் ஓடிவிட்டு, அடுத்த மூன்று மாதம் அழைப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்க என் வீட்டு நிலைமை அப்போது இடம் தரவில்லை.

தம்பியிடம் இன்னும் இரண்டு வருடம் ஸ்டுடியோவில் இரு என்றேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கிளையன்ட் மூன்று பேர் சேரும் வரை அறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. கல்யாணம் ஆகவில்லை, சேமிப்பும் இருக்கிறது என்றால் சினிமாவுக்கு இப்போதே போ, முப்பத்தைந்து வயதில் போய் கேபிள் சுற்றுவது கஷ்டம். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. "நீங்க மட்டும் ரூம் போட்டு ராஜா மாதிரி இருக்கீங்களே அண்ணே" என்றான்.

என் அறை சென்னை சாலிகிராமத்தில் இரண்டாவது மாடி. சுவரில் கண்ணாடிக் கம்பளிப் பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, எல்லாம் உண்டு. ஆனால் தெருமுனையில் அம்மன் கோயில். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. கூம்பு ஒலிபெருக்கிக்கு இரட்டைக் கண்ணாடி எம்மாத்திரம்? அந்த மாதத்துக்கான குரல் பதிவுகளுக்கெல்லாம் நான் முன்பு வேலை பார்த்த ஸ்டுடியோவில்தான் மணிக்கணக்கு வாடகைக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.