கடைவாய்ப் பல்லுக்குச் சென்னையா, மெக்சிகோ எல்லையா?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் கட்டும் செயற்கைப் பல்) வைக்க 4,800 டாலர் ஆகும் என்றார்கள். என் பல் காப்பீடு ஆண்டுக்கு 1,500 டாலருக்கு மேல் தராது. அதனால் இரண்டு வழிகளைப் பார்த்தேன். ஒன்று, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னையில் முடித்துக்கொள்வது. மற்றொன்று, அரிசோனாவின் யூமா நகருக்குப் பக்கத்தில் எல்லை தாண்டினால் வரும் மெக்சிகோ ஊரான லாஸ் அல்கொடோனெஸ். சில ஆயிரம் பேர் வாழும் அந்தச் சின்ன ஊரில் பல் மருத்துவர்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். 'கடைவாய்ப்பல் நகரம்' என்றே அதற்குப் பெயர். நான் அங்கேதான் போனேன்.

விலையில் சென்னைக்குத்தான் வெற்றி. எனக்குச் சொன்ன தொகை அங்கே 45,000 ரூபாய், மெக்சிகோவில் 1,400 டாலர். வலியை நம் மொழியில் சொல்லலாம், அம்மா கையால் குழைந்த ரசம் சாதம் கிடைக்கும். கைத்திறனிலும் குறையில்லை. 12 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் செய்த ரூட் கெனால் இன்றும் தொந்தரவு தந்ததில்லை. ரூட் கெனால், கேப், சொத்தை அடைப்பது போன்ற வேலை என்றால் நான் யோசிக்காமல் சென்னைதான் போவேன்.

இம்ப்ளான்ட் அப்படியல்ல. தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கியபின் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கேப் அதற்குப் பிறகுதான். மூன்று வார விடுப்பில் போகிறவர் மறுபடி போயாக வேண்டும். இரண்டாவது விமான டிக்கெட்டிலேயே மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். உடனே பல் கட்டும் முறையும் உண்டு. ஆனால் மெல்லும் அழுத்தம் முழுவதும் விழும் கடைவாயில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்பது. என் சித்தி மகன் ஊரில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு டெக்சாஸ் திரும்பினான். நாலாவது மாதம் கேப் ஆடத் தொடங்கியது. அங்கிருந்த மருத்துவர் தொடத் தயங்கினார். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் அதற்கேற்ற கருவி வேண்டும். அவன் கையில் எந்த நிறுவனம், எந்த அளவு என்று காட்டும் அட்டை இல்லை. ஆறு வாரம் ஒரு பக்கமாகவே மென்றான், பாவம்.

எனக்கும் திருகு வைத்த மூன்றாம் வாரம் ஈறுக்கு மேலிருந்த மூடி தளர்ந்தது. சனிக்கிழமை விடியற்காலை காரை எடுத்தேன். யூமாவுக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து ஆண்ட்ரேட் எல்லைக்குச் சிறிது தூரம். காரை அமெரிக்கப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போனேன். மருத்துவர் பத்து நிமிடத்தில் இறுக்கிவிட்டார், காசு வாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். 1,400 டாலர் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த உண்மையான பலன் இந்த ஒரு நாள்தான்.

கேப் போட்டு 14 மாதம்தான் ஆகிறது. பத்து ஆண்டு தாங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. வாய் முழுக்கப் பல் கட்டுகிறவர்களுக்கு என் ஒரு பல் அனுபவம் போதாது. நியூயார்க், சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு என் கணக்கே மாறும். விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் அது சென்னைக்கே இருக்கட்டும்.

எங்கே செய்தாலும் இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்து வையுங்கள். லாஸ் அல்கொடோனெஸில் தெருவில் வழிமறித்து அழைப்பவர்கள் பின்னால் போகாமல், மருத்துவரின் உரிம எண்ணை முன்பே கேட்டு மெக்சிகோ அரசுப் பதிவேட்டில் சரிபாருங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட்டே எல்லை தாண்டுங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து முதியவர்கள் கூட்டமாக வருவதால் திரும்பும் வரிசை வெகுநேரம் நீளும். எல்லையோ இரவு 10 மணிக்கு மூடிவிடும். காலையிலேயே போய்விடுவது நல்லது.